பத்து ரவுண்டு

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்த என் தங்கச்சி பேத்தி, திரும்பிப் போக மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கோவில்பட்டிப் பக்கம் விடுதியில் தங்கி ஹாக்கி ஆடுகிறாள். ஆறாம் வகுப்பில் மட்டையைக் கையில் எடுத்த நாளிலிருந்து வேறு பேச்சே பேசாத பிள்ளை. திடீரென்று, "எனக்கு ஹாக்கி வேண்டாம், இங்கேயே படிக்கேன்" என்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

"மாமா, நீங்க பி.டி. மாஸ்டரா இருந்தவங்கல்லா. நீங்கதான் அவகிட்டப் பேசணும்" என்று அவள் அம்மா வந்து நின்றாள்.

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனேன். புத்தி சொல்லக் கூடாது, கேட்க மட்டும்தான் செய்யணும் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளாகவே ஆரம்பித்தாள்.

"ஹாக்கி பிடிக்கத்தான் செய்யுது தாத்தா. டர்ஃப்ல ஆடுதது வாரத்துல மூணு நாளுதான். மத்த நாளு பூரா ஓட விட்டே கொல்லுதாங்க."

"எத்தனை ரவுண்டு?"

"பத்து. பேசினா இன்னும் ரெண்டு. சிரிச்சா மூணு."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அந்தப் பத்து ரவுண்டு என்னுடைய கணக்கு. 1978-ல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறுகிறவரை நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே பத்து. எனக்கு என் வாத்தியார் கொடுத்தார், நான் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், என் காலத்தில் படித்த யாரோ ஒருவர் இவளுக்குக் கொடுக்கிறார். சொத்து மாதிரிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது.

விஷயத்துக்குப் போகுமுன் கோவில்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர் போன ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹாக்கிக்கும் அது பேர் போன ஊர் என்பது நம் ஆற்றங்கரைக்காரர்களில் பலருக்குத் தெரியாது. அங்கே தெருவில் போகிற பையன் கையில் கிரிக்கெட் மட்டையைவிட ஹாக்கி மட்டையைத்தான் அதிகம் பார்க்கலாம். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிற கோடை நாட்களில் ஊரே மைதானத்தில்தான் இருக்கும். கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்று வளர்ந்த கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள், வெண்கலம் கிடைத்தது. அடுத்த வருஷம் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா ஜெயித்தபோது, அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகக் கார்த்தி ஒரு கோல் போட்டார். டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்று கை தட்டினேன். வீட்டில் பேசாமல் பார்த்தார்கள்.

சிரமம் என்னவென்றால், புல்தரை ஒன்று, பிள்ளைகள் நூற்றுக்கணக்கில். பையன்கள், பெண்கள், விடுதிப் பிள்ளைகள், பள்ளி அணிகள் எல்லோரும் முறை வைத்துத்தான் அதில் இறங்கணும். தண்ணீர் தெளிக்கணும், பராமரிக்கணும். எங்கள் காலத்தில் கரிசல் மண் தரை. ஒரு மழை பெய்தால் மூன்று நாளைக்கு அதில் கால் வைக்க முடியாது. செருப்போடு இறங்கினால் ஆளுக்கு ஒரு படி மண்ணைச் சுமந்துகொண்டுதான் வெளியே வரணும். ஆக அன்றும் சரி, இன்றும் சரி, ஹாக்கி ஆடுகிற பிள்ளைக்கு ஹாக்கி ஆடாத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஐஸ் ஹாக்கி ஆடுகிற நாடுகளில் இதற்குத் தனிப் பேரே உண்டு, 'ஆஃப்-ஐஸ் டிரெய்னிங்' என்பார்கள். பனித்தரைக்கு வெளியே செய்கிற பயிற்சி. அவர்களுக்கும் தரை கிடைப்பது சில மணி நேரம்தான். நம் நாட்டிலேயே லடாக்கைப் பாருங்கள். அங்கே குளம் உறைந்து கிடப்பது வருஷத்தில் இரண்டு மாதம் போல. மிச்ச மாதமெல்லாம் ரோட்டில் சக்கரக் காலணி, மலையில் ஓட்டம் என்று காலத்தைத் தள்ளணும். அப்படி வளர்ந்த பெண்பிள்ளைகளை வைத்துத்தான் இந்திய மகளிர் அணி 2025-ல் அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. தரை இல்லாத மாதங்களில் அந்தப் பிள்ளைகளுக்கு ஹாக்கி வெறுத்துப் போயிருந்தால் அணியே கூடியிருக்காது.

அமெரிக்கா, கனடாவில் ஐஸ் ஹாக்கிக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர்கள் மேட்சுக்கு முன்னால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? உள்ளே வராந்தாவில் வட்டமாக நின்றுகொண்டு ஒரு கால்பந்தைத் தரையில் விழாமல் தட்டி விளையாடுகிறார்கள். விழவிட்டவன் வெளியே. சிரிப்பும் கேலியுமாக இருக்கும். வீடியோவில் பார்த்து அசந்துபோனேன். நம் பிள்ளை சிரித்தால் மூன்று ரவுண்டு.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்கிற பழக்கத்தை அடியோடு விடணும். கொஞ்சமாக்கு, பாதியாக்கு என்று நான் சொல்லவில்லை. விடணும்.

காரணம் இரக்கம் மட்டும் இல்லை, கணக்கும்தான். ஹாக்கியில் யாரும் மைதானத்தைச் சுற்றி ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்துப் பதினைந்து அடி பாய்வான், நிற்பான், பக்கவாட்டில் நகர்வான், திரும்புவான், குனிந்தபடியே பின்னால் போவான், மறுபடி பாய்வான். அதுவும் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையில். அந்தக் காலத்தில் 35 நிமிஷம் இரண்டு பாதி ஆடினோம். இப்போது 15 நிமிஷம் நான்கு கால் பகுதி. ஆளை மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டே இருக்கலாம். அதனால் இறங்குகிறவன் இறங்கிய நேரம் முழுக்கப் பறக்கணும். 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை போட்டார்கள். நாம் ஏழாவது இடத்துக்குப் போனோம். 1980-ல் மாஸ்கோவில் நம்ம தமிழ்நாட்டுக்காரர் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது, சரிதான். ஆனால் தரை மாறின பிறகு ஆட்டத்தின் வேகமே மாறிவிட்டது. பத்து ரவுண்டு மெதுவோட்டம் அந்த வேகத்தைக் கொடுக்காது. கொஞ்சம் தம் கொடுக்கும். அதோடு வளர்கிற வயசுப் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியையும் கொடுக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு மாதத்தில் சில நாள் உண்டு. அந்த நாளிலும் பத்துதான். ஆண் பயிற்சியாளரிடம் அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்? சொல்லாமல் ஓடும், மயங்கும், கடைசியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து "ஹாக்கி வேண்டாம்" என்று மட்டும் சொல்லும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதைவிடத் தப்பு.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாம் சின்ன வயசில் மாடவீதியில் நிலா வெளிச்சத்தில் ஆடிய கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். கட்டம் போட்டு, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருத்தன் நிற்பான். கோட்டை விட்டு விலகக் கூடாது, கோட்டின் மேலேயே இடமும் வலமும் நகர்ந்து மறிக்கணும். நடுக்கோட்டில் கிளி ஓடும். எதிராளி உடம்பை ஒருபக்கம் காட்டி மறுபக்கம் பாயணும். மறிக்கிறவன் குனிந்து, கை விரித்து, எதிராளியின் இடுப்பைப் பார்த்தபடி நகரணும். கண்ணைப் பார்த்தால் ஏமாந்துவிடுவான். ஹாக்கியில் தற்காப்பு ஆட்டக்காரனுக்கு நான் முப்பது வருஷம் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தது இதைத்தானே! "பந்தைக் கொண்டு வாரவன் முன்னால குனிஞ்சு நில்லு, அவசரப்பட்டு மட்டையை நீட்டாத, பக்கவாட்டுல தள்ளிக்கிட்டே போ." கையில் மட்டை இல்லாமல் இதைக் கற்றுக்கொடுக்கிற விளையாட்டு நம் தெருவிலேயே கிடந்தது. அதை விட்டுவிட்டு நான் ரவுண்டு ஓட விட்டேன். அரை மணி நேரம் கிளித்தட்டு ஆடிய பிள்ளையின் சட்டையைப் பிழிந்து பாருங்கள், பத்து ரவுண்டுக்குக் குறையாத வேர்வை வரும். ஆனால் "இன்னும் ஒரு ஆட்டம்" என்று அதுவே கேட்கும்.

சில்லு ஆடுவது ஒற்றைக் காலில் நிதானத்துக்கு. பச்சைக்குதிரை தாண்டுவது தொடை வலுவுக்கு. கிட்டிப்புள் கண்ணுக்கும் கைக்கும். பறக்கிற சின்னக் குச்சியை மட்டையால் அடிக்கத் தெரிந்தவனுக்கு எகிறி வரும் பந்து பயம் காட்டாது. கபடியைப் பற்றி நம் பக்கத்தில் நான் சொல்லவே வேண்டாம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடி அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். நம் பக்கத்துப் பையன்கள் மணலில் கபடி ஆடியே கால் வலுத்தவர்கள். யாரும் அவர்களை நிறுத்தி வைத்து 'இது தொடைக்கு, இது முதுகுக்கு' என்று எண்ணச் சொல்லவில்லை.

தோப்புக்கரணத்தை மறந்துவிட்டேனே. ஹாக்கிக்காரனுக்கு அதைப் போல நல்ல பயிற்சி கிடையாது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். பிள்ளையார் முன்னால் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டிருந்ததை நாம்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து தண்டனை ஆக்கினோம். இப்போது பிள்ளையிடம் "இருபது போடு" என்றால், "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்கிறது.

குதிரைமொழித் தேரி இருக்கிறதே, செம்மணல் மேடு மேடாக. மாதம் ஒருமுறை பிள்ளைகளை வேனில் கூட்டிக்கொண்டு வந்து அதில் விட்டால் போதும். கால் புதையும், தரையில் ஓடுவதைவிட மூச்சு அதிகம் வாங்கும், விழுந்தால் அடிபடாது. இரண்டு அணியாகப் பிரித்து மேட்டின் உச்சியில் ஒரு துண்டைக் கட்டி, யார் முதலில் எடுக்கிறார்கள் என்று விட்டால் பயிற்சியாளர் விசிலே ஊத வேண்டாம். காலையில் ஏழு மணிக்குள் முடித்துவிடணும். வெயில் ஏறினால் அந்த மணல் காலைப் பொரித்துவிடும். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்க விடுவதும் நல்ல பயிற்சிதான், எங்கள் காலத்தில் செய்தோம். இப்போது சொல்லப் பயமாக இருக்கிறது. மணல் அள்ளிய குழிகள் வேறு, 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் நான் பிறந்து வளர்ந்த ஆற்றிலேயே எங்கே பள்ளம், எங்கே மேடு என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் ஆறு வேண்டாம்.

விளையாட்டாக மாற்றுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நான் அனுபவத்தில் கற்றது. 'அவுட்' ஆனவன் வெளியே உட்காரணும் என்று வைத்தால், முதலில் வெளியே போகிறவன் பலவீனமான பிள்ளை. யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ, அவன் வேடிக்கை பார்ப்பான்; யாருக்கு வேண்டாமோ, அவன் கடைசி வரை ஆடுவான். அதனால் அவுட் ஆனால் ஐந்து தடவை குதித்துவிட்டு உள்ளே வா என்று வைக்கணும். இன்னொன்று, தலைவர்கள் இரண்டு பேர் மாறி மாறி ஆள் எடுக்கிற வழக்கம். கடைசியில் மிஞ்சி நிற்கிற பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்த்தவர்கள் அந்த வழக்கத்தைத் தொடர மாட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால் தீர்ந்தது.

எல்லாவற்றையும் விளையாட்டு ஆக்கிவிட முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். உடம்பை வளைத்து நீட்டுவது, எடை தூக்குவது, 20 மீட்டர் கோட்டுக்குக் கோடு பீப் சத்தத்துக்கு ஓடுகிற அந்தச் சோதனை, இதெல்லாம் சலிப்பானவைதான். சலிப்பானதைச் சலிப்பானது என்றே பிள்ளையிடம் சொல்லிவிடலாம். ஏன் செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடணும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, போன மாதம் எத்தனை, இந்த மாதம் எத்தனை என்று அதுவே எழுதிக்கொள்ளட்டும். பக்கத்துப் பிள்ளையின் கணக்கை அதில் எழுதக் கூடாது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "வேய், கொஞ்சம் விட்டுக் கொடுத்தா தலைமேல ஏறிருவானுங்க. பயம் இல்லாம ஒழுக்கம் எப்படி வரும்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முப்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிற பயிற்சியாளருக்கு ரவுண்டுதான் கைக்கு அடக்கமான ஆயுதம். செலவு கிடையாது, யோசிக்க வேண்டாம், அந்த நேரத்தில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதலாம். நானே எழுதியிருக்கிறேன். நேரத்துக்கு வராதவனை என்ன செய்வது என்றால், அன்றைக்குக் கிளித்தட்டில் சேர்க்காமல் கோடு போடுகிற வேலையைக் கொடுக்கலாம். மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பான். ஓடச் சொல்வது தண்டனையாக இருக்கிறவரை பிள்ளை ஓட்டத்தை வெறுக்கும். ஓட்டத்தை வெறுக்கிறவன் ஹாக்கி ஆட முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

எண்பதுகளில் என்னிடம் ஒரு பையன் இருந்தான். இடது ஓரத்தில் ஆடுவான். அவன் பந்தைக் கொண்டு போகிற அழகை, எதிர் அணி வாத்தியார்களே என்னிடம் வந்து விசாரித்திருக்கிறார்கள். மாவட்டப் போட்டியில் தோற்று வந்த கோபத்தில், ஒரு மாதம் முழுக்க எல்லோருக்கும் தினம் பத்து ரவுண்டு என்று வைத்தேன். மூன்றாவது வாரம் அவன் வரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். வீட்டில் கஷ்டம் போல என்று நானும் விட்டுவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

இருபது வருஷம் கழித்து, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் என் பையை வாங்கிக்கொண்டு, "சார், தெரியுதா?" என்றான். தலை நரைத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சோடு பேச்சாக, "ஏம்ல விட்டுட்டுப் போன? வீட்டுல ரொம்பக் கஷ்டமோ?" என்று கேட்டேன். சிரித்தான். "வீட்டுல கஷ்டம் எப்பவும் உள்ளதுதான சார். எங்க ஐயா ஆடுன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் காலையில எந்திரிச்சாலே அந்த ரவுண்டு நெனப்பு வந்து வயித்தைக் கலக்கும்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. டீக்குக் காசும் என்னைக் கொடுக்க விடவில்லை.

படித்துறையில் பேத்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "நீங்களும் அப்படித்தானா தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வந்து பேரம் பேசினாள்: பங்குனி வரை பார்க்கிறேன், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் வந்துவிடுவேன், அம்மாவிடம் நீங்கள்தான் பேசணும். சரி என்று ஒத்துக்கொண்டேன். மறுவாரம் திருநெல்வேலி வரை போய், கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அவளுடைய பயிற்சியாளருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். இருபத்தேழு வயசுப் பையன். கோபப்படுவான் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து போன் வந்தது. ரவுண்டை விட்டுவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "கிளித்தட்டுன்னு எழுதியிருக்கீங்கள்லா சார், அதுக்குக் கோடு எப்படிப் போடணும்? நான் ஆடினது இல்ல" என்றான்.

வரைந்து அனுப்பலாம் என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தால், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் குறுக்குக் கோடு ஐந்து என்று ஞாபகம். தங்கச்சியிடம் கேட்டால் நான்குதான் என்று சாதிக்கிறாள். கிளி நடுக்கோட்டில் மட்டும் ஓடணுமா, ஓரக் கோட்டிலும் சுற்றி வரலாமா என்பதிலும் எங்களுக்குள் தகராறு. வடக்கு மாடவீதியில் ஆடியவர்கள், ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரைப் பக்கத்து ஆட்கள் யாருக்காவது சரியாக நினைவிருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடணும் என்று பார்க்கிறேன்.